‘லினக்ஸுக்கு வைரஸ் வராது’ என்று நான் சொன்ன வருடம்

போன வாரம், என்னிடம் தொழில் கற்ற உங்களில் ஒருவர் போனில் கேட்டார்: “சார், ஒரு பள்ளிக்கூடத்துல இருபது மெஷினுக்கு லினக்ஸ் போடுறோம். ஆன்டிவைரஸ் வேணுமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.”

ஒரே வார்த்தையில் நான் ஏற்கனவே ஒருமுறை பதில் சொல்லியிருக்கிறேன். தொண்ணூற்றெட்டு வாக்கில், கேரள எல்லையோரத்துப் பாறசாலையில். ‘வேண்டாம்’ என்று. அந்தப் பதில் தவறில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு நான் செய்த காரியங்கள் தவறு. அதை உங்களுக்குச் சொல்லாமல் இந்தத் தொழிலை விட்டு நான் ஓய்வு பெற்றதாகக் கணக்கில்லை.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. ஒரு கட்டடத்தின் மாடியில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தேன். பக்கத்து அறையில் ராஜன் அண்ணனின் டி.டி.பி. சென்டர். கல்யாண அழைப்பிதழ், சபைகளின் கன்வென்ஷன் நோட்டீஸ், வளைகுடாவுக்குப் போகிறவர்களின் பயோடேட்டா எல்லாம் அங்கேதான் அடிப்பார்கள். இரண்டு விண்டோஸ் கணினிகள். ஆபரேட்டர் ஷீபா, காரோட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற பெண். பள்ளியில் மலையாள மீடியம். வீட்டில் தமிழ். வேலையில் அதிகம் பேசமாட்டாள்.

விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்குகிற லினக்ஸ், ஒரு கணினிப் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்துதான் எனக்குக் கிடைத்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அதோடு மல்லுக்கட்டி ஒரு பழைய மெஷினில் ஏற்றினேன். அது நின்றதே இல்லை. மாதக்கணக்கில் ஓடியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ராஜன் அண்ணனின் இரண்டு கணினிகளையும் கம்பி இழுத்து அதோடு இணைத்து, கோப்புகளையெல்லாம் அதில் சேமிக்கும்படி செய்தேன். ஃப்ளாப்பியைத் தூக்கிக்கொண்டு அலையும் வேலை குறைந்தது. அதற்குப் பொதுப்பெட்டி என்று பெயர் வைத்தோம்.

ஒருநாள் ராஜன் அண்ணன் அலுத்துக்கொண்டார்.

“எலே, இந்த ஆன்டிவைரஸ் கிடக்கதால மெஷின் இழையுது. ஸ்டார்ட் ஆவதுக்குள்ள நான் கீழ போய் ஒரு சாயா குடிச்சிட்டு வந்துருவேன். இது வேணுமா?”

பதினாறு எம்.பி. மெமரி வைத்த மெஷின்கள். அவர் சொன்னது உண்மைதான். நான் யோசித்தேன். கோப்பு எல்லாம் பொதுப்பெட்டியில். பொதுப்பெட்டி லினக்ஸ். லினக்ஸுக்கு வைரஸ் வராது. அப்படியென்றால் இந்த இரண்டுக்கும் காவல் எதற்கு? கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? அன்றைக்கே இரண்டிலிருந்தும் ஆன்டிவைரஸை எடுத்துவிட்டேன். மெஷின்கள் பறந்தன. ராஜன் அண்ணன் எனக்கும் ஒரு சாயா வாங்கித் தந்தார்.

இரண்டு மாதம் போயிருக்கும். புகார்கள் வரத் தொடங்கின. நர்ஸ் வேலைக்கு விண்ணப்பித்த ஒரு பெண்ணின் பயோடேட்டாவில், மூன்று வருட அனுபவம் என்கிற இடத்தில் ‘மூன்று’ இல்லை. அது கீழே, அப்பா பெயருக்கு முன்னால் போய் நின்றது. ஒரு சபையின் ஆங்கில நோட்டீஸில் பிரசங்கியாரின் பெயர் நேரம் குறிக்கிற வரியில் கிடந்தது. அச்சடித்து விநியோகமும் ஆன பிறகுதான் பார்த்தார்கள். சபைக்காரர்கள் மாடியேறி வந்து சத்தம் போட்டார்கள்.

ராஜன் அண்ணன் ஷீபாவைப் பிடித்துக்கொண்டார்.

“பிள்ளே, உனக்கு கண்ணு எங்க கிடக்கு?”

“அண்ணா, நான் இப்படி அடிக்கல்ல” என்றாள் அவள்.

எல்லா ஆபரேட்டரும் சொல்கிற வார்த்தை அது. நாங்கள் கேட்டுப் பழகியது. ஆனால் ஒன்றை நாங்கள் கவனித்திருக்க வேண்டும். மலையாள நோட்டீஸ்களில் அவள் ஓர் எழுத்துகூடத் தவறவிடுவதில்லை. அவை வேறொரு மென்பொருளில் செய்யப்படுபவை. வேர்டில் அடிக்கிற ஆங்கில வேலைகளில் மட்டும்தான் பிழை. இதைப் பார்த்து ஒரு டெக்னீஷியன் என்ன கேட்கவேண்டும்? ‘வேர்டில் என்ன நடக்கிறது?’ என்று. நான் என்ன முடிவுக்கு வந்தேன் தெரியுமா? மலையாள மீடியத்தில் படித்த பிள்ளை, இங்கிலீஷ் வராது என்று.

அவள் என்னிடம் தனியாகவும் ஒருமுறை வந்து சொன்னாள்.

“சாரே, சாயங்காலம் நான் சரியா அடிச்சு வச்சிட்டுப் போறேன். காலையில திறந்தா வேற மாதிரி இருக்கு. யாரோ அதுல கை வைக்குதாவ.”

நான் சிரித்தேன். “யாரு, பேயா? அந்தப் பெட்டிக்குள்ள ஒருத்தரும் போக முடியாது ஷீபா. அது லினக்ஸ் ஆக்கும்.”

அவள் போய் உட்கார்ந்து வேலையைப் பார்த்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ரத்ததானப் பட்டியல் வந்தது. பெருங்கடவிளைப் பக்கத்து இளைஞர் கிளப் ஒன்று, எல்லையோர ஊர்கள் எல்லாவற்றிலும் ஆள் சேர்த்து, பெயர், ஊர், போன், ரத்த வகை என்று படிவங்களில் எழுதி வாங்கியிருந்தது. அதை ஆங்கிலத்தில் அடித்துப் பிரதியெடுத்து ஆஸ்பத்திரிகள், சர்ச்சுகள், எஸ்.டி.டி. பூத்துகள் என்று கொடுப்பது அவர்கள் திட்டம். ஷீபா இரண்டு நாளில் அடித்து முடித்தாள். படிவங்களைக் கிளப்காரர்கள் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

பிழைத் திருத்தத்தை ராஜன் அண்ணன் என்னிடம் கொடுத்தார். “மக்கா, இது உயிர் காரியம். இந்தப் பிள்ளைய நம்பி விட முடியாது. நீ ஒருக்கா பாரு.”

நான் அவளுடைய மெஷினிலேயே உட்கார்ந்து கோப்பைத் திறந்து பார்த்தேன். காரோடு செல்வராஜ் என்பவரின் வரியில் ஓ பாசிட்டிவ், ஓ நெகட்டிவ் இரண்டும் இருந்தன. நாலு வரி கீழே பனச்சமூடு மணியன் வரியில் ரத்த வகையே இல்லை. சரி, இரண்டு பேருக்கும் உரியதை ஒரே வரியில் அடித்துவிட்டாள் என்று நினைத்தேன். எது யாருக்கு? முதலில் இருப்பது தவறி விழுந்ததாக இருக்கும், பின்னால் இருப்பது அவள் திருத்தி அடித்ததாக இருக்கும் என்று நானே ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டேன். செல்வராஜுக்கு நெகட்டிவை விட்டு, பாசிட்டிவை மணியனுக்கு மாற்றினேன்.

ஷீபா அடுத்த நாற்காலியில்தான் இருந்தாள். “சாரே, நான் பாத்துத் தரட்டா?” என்று கேட்கவும் செய்தாள்.

“வேண்டாம். நீ அந்த நோட்டீஸைப் பாரு” என்றேன்.

பட்டியல் அச்சாகி ஊரெல்லாம் போனது. அடியில் ராஜன் அண்ணன் கடையின் பெயரும் போன் நம்பரும் இருந்தன.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். ராஜன் அண்ணன் வெளியே போயிருந்தார். நான் அவர் அறையில் பிரிண்டரைக் கழற்றி வைத்திருந்தேன். போன் அடித்தது. எடுத்தேன். நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் ரத்த வங்கியிலிருந்து, பொறுப்பிலிருந்த சிஸ்டர் பேசினார். குரலில் பதற்றமில்லை. அதுவே எனக்கு பயமாக இருந்தது.

“இந்த டோனர் லிஸ்ட் உங்க கடையில அடிச்சதா?”

“ஆமா சிஸ்டர்.”

“காரோடு செல்வராஜ், ஓ நெகட்டிவ்னு போட்டிருக்கு. அந்த மனுஷன் கொத்தனார் வேலைய பாதியில விட்டு ஆட்டோ பிடிச்சு வந்தாரு. நான் சோதிச்சுப் பாத்தா ஓ பாசிட்டிவ். இங்க பிரசவிச்ச ஒரு பெண்ணுக்கு ரத்தம் நிக்கல்ல. எங்ககிட்ட இருந்த ஒரே ஒரு ஓ நெகட்டிவ் பை ஏறிக்கிட்டு இருக்கு. திருவனந்தபுரத்துக்கு ஆள் போயிருக்கு, கிட்டும்னு உறுதியில்ல. இது என்ன லிஸ்ட்?”

என் வாயிலிருந்து தானாக வந்தது. “டைப்பிங் மிஸ்டேக்கா இருக்கும் சிஸ்டர். எங்க ஆபரேட்டர் பொண்ணு கொஞ்சம்…”

முடிக்கவில்லை. ஷீபா இரண்டு முழ தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். தட்டச்சு நின்றுவிட்டது.

“அது இருக்கட்டும்” என்றார் சிஸ்டர். “ஓ நெகட்டிவ்ல இன்னும் ஒருத்தரு பேரு இருக்கு. அவரைக் கூப்பிடட்டா, வேண்டாமா? அந்தப் பேரு சரியா? அத மட்டும் சொல்லுங்க.”

எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. படிவங்கள் கிளப்பில். கிளப்புக்கு போன் இல்லை. கூப்பிடுங்கள் என்று சொன்னால், இன்னொரு தவறான ஆள் இன்னொரு மணி நேரத்தைத் தின்பார். வேண்டாம் என்றால், சரியான ஆளை நானே தடுத்தவன் ஆவேன். ரிசீவர் காதிலேயே இருந்தது.

ஷீபா எழுந்தாள். தன் மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்தாள். அதிலிருந்து மூன்று தாள்களை உருவி என் முன்னால் வைத்தாள். அதே பட்டியல். ஒவ்வொரு தாளின் மூலையிலும் தேதியும் அவள் கையெழுத்தும்.

“அடிச்சு முடிச்ச உடனே எடுத்த பிரிண்ட். ஃபாரத்தோட ஒத்துப் பாத்தது” என்றாள். “திட்டு வாங்கத் தொடங்கினதுல இருந்து எல்லா வேலைக்கும் ஒரு பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன்.”

செல்வராஜ், ஓ பாசிட்டிவ். மணியன், ஓ நெகட்டிவ்.

“சிஸ்டர்,” என்றேன். “இப்ப எங்க கையில சரியான லிஸ்ட் இருக்கு. உங்க கையில உள்ளத நம்பாதீங்க. பனச்சமூட்டுல மணியன்னு ஒருத்தரு, ஓ நெகட்டிவ். நாங்களே கூப்பிட்டு அனுப்புறோம். நீங்க சொன்ன இன்னொருத்தரு பேரு சரிதான்.”

“அந்த ஆளு வளைகுடாவுக்குப் போயாச்சுன்னு இதுல பேனாவால எழுதியிருக்கு. மணியனை அனுப்புங்க. வந்தாலும் நான் சோதிச்சுத்தான் எடுப்பேன்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

மணியனுக்கு இருந்த நம்பர் பனச்சமூடு சந்திப்பில் ஒரு பூத்தினுடையது. ஷீபாதான் பேசினாள். பூத்துக்காரர், “அவரு ரப்பர் ஷெட்டுல இருப்பாரு, நானே சைக்கிள்ல போய் சொல்லுதேன்” என்றார். இருபது நிமிடத்தில் மணியனே பூத்திலிருந்து பேசினார். “கையில எல்லாம் ரப்பர் பால் ஆக்கும். கழுவிட்டு ஜீப்புல வாறேன்” என்றார். அவ்வளவுதான். வேறொன்றும் கேட்கவில்லை.

பிறகு காத்திருப்பதைத் தவிர எங்களுக்கு வேலையில்லை. பிரிண்டர் பிரித்தபடியே கிடந்தது. ஷீபா சொன்னாள்:

“சாரே, இங்க வாங்க. ஒண்ணு காட்டுறேன்.”

ஒரு பயோடேட்டாவைத் திறந்தாள். முந்தின நாள் எடுத்த பிரிண்டைப் பக்கத்தில் வைத்தாள். இரண்டாவது பத்தியில் ஒரு சொல் இடம் மாறியிருந்தது. கோப்பை மூடினாள். சேமிக்கவா என்று கணினி கேட்டது. வழக்கம்போல ஆமாம் என்று கொடுத்தாள். மறுபடி திறந்தாள். மாற்றமில்லை. மறுபடி மூடித் திறந்தாள். நாலாவது முறையோ ஐந்தாவது முறையோ, அப்பா பெயர் விலாசத்துக்குள் போய்விட்டது. விசைப்பலகையில் அவள் விரல் படவே இல்லை.

 வேர்ட் கோப்புகளுக்குள் ஒட்டிக்கொண்டு, திறக்கும்போதெல்லாம் சொற்களைக் கலைத்துப் போடுகிற வைரஸ்கள் உண்டு என்று நான் படித்திருந்தேன். படித்தும் இருந்தேன், பார்க்காமலும் இருந்தேன். யாரோ பயோடேட்டா கொண்டுவந்த ஃப்ளாப்பியில் அது வந்திருக்கும். ஆன்டிவைரஸ் இருந்திருந்தால் வாசலிலேயே பிடித்திருக்கும். நான்தான் காவலை எடுத்துவிட்டேனே. பொதுப்பெட்டிக்கு அதனால் ஒரு கீறலும் இல்லை. லினக்ஸில் அந்த வைரஸ் ஓடாது. ஆனால் வைரஸ் உள்ள கோப்பை அது பத்திரமாக வைத்திருந்து, கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. அது எவ்வளவு நம்பகமாக ஓடியதோ அவ்வளவு நம்பகமாக இதையும் செய்தது.

ஒன்றரை மணிக்கு சிஸ்டர் கூப்பிட்டார்.

“ஓ நெகட்டிவ்தான். எடுத்தாச்சு.”

சாயங்காலம் இன்னொரு முறை நாங்களே போன் செய்து கேட்டோம். ரத்தப்போக்கு நின்றுவிட்டது, தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள் என்றார்கள். திருவனந்தபுரத்திலிருந்தும் ஒரு பை வந்து சேர்ந்திருந்தது. மணியன் இல்லாவிட்டாலும் பிழைத்திருப்பாளோ என்னவோ. அந்தக் கணக்கை நான் போட்டுப் பார்ப்பதில்லை.

நான் ரிசீவரை வைக்கப் போனேன். ஷீபா கையை நீட்டித் தடுத்தாள்.

“வைக்காதீங்க சாரே. என்னைப் பத்திச் சொன்னத மாத்திச் சொல்லுங்க.”

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் விலகி நிற்கவும் இல்லை. நான் சிஸ்டரைப் போனுக்கு வரச்சொன்னேன். ஆபரேட்டர் சரியாகத்தான் அடித்திருந்தார், பிழை எங்கள் கணினியில் வந்தது, அதைத் திருத்துகிறேன் என்று குழப்பியது நான் என்றேன். 

சிஸ்டர் சொன்னார்: “எனக்கு லிஸ்ட் அடிச்சது யாருன்னு தெரியாண்டாம். யாரு அடிச்சாலும் நான் ஊசி குத்திப் பாக்காம ஒரு சொட்டு ரத்தம் யாருக்கும் ஏத்தமாட்டேன். ஆனா அந்தப் பிள்ளைக்கிட்ட சொல்லுங்க, அவ பேப்பர எடுத்து வச்சது நல்லதாப் போச்சுன்னு.”

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். லினக்ஸ் மெஷினுக்கு ஆன்டிவைரஸ் வேண்டுமா? அது தனியாக ஒரு மேசையில் உட்கார்ந்து, நீங்கள் ஒருவர் மட்டும் அதைத் தொடுவதாக இருந்தால், அந்தக் காலத்தில் நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் அதிலிருந்து கோப்பு எடுத்துக்கொண்டு போகிறவர்கள் யார், அவர்கள் வீட்டில், ஆபீஸில் என்ன மெஷின் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். நான் அதன் பிறகு பொதுப்பெட்டியிலேயே ஒரு ஸ்கேனர் போட்டேன். விண்டோஸ் வைரஸைத் தேடுவதற்கென்றே லினக்ஸில் ஓடுகிறவை அப்போதே ஒன்றிரண்டு இருந்தன. இரண்டு விண்டோஸ் மெஷின்களுக்கும் பழையபடி காவல் வைத்தேன். மெஷின்கள் மறுபடி இழைந்தன. ராஜன் அண்ணன் மறுபடி கீழே போய்ச் சாயா குடித்தார். அந்த மாதம் ஷீபாவிடம் அவர் பேசவே கூச்சப்பட்டார்.

ஆனால் நான் சொல்ல வந்தது ஸ்கேனரைப் பற்றி மட்டும் இல்லை. ‘நான் இப்படிச் செய்யவில்லை’ என்று ஒருவர் சொல்லும்போது, உங்களுக்குப் பிடித்த மெஷினை நம்பி அந்த ஆளைச் சந்தேகப்படாதீர்கள். அவரைக் கொஞ்ச நேரம் நம்பி, மெஷினைச் சோதித்துப் பாருங்கள். அதற்கு அரை மணி நேரம் போதும். நான் அதைக்கூடக் கொடுக்கவில்லை.

தவறான பட்டியல்களைத் திரும்ப வாங்க நானும் கிளப்காரர்களும் இரண்டு நாள் அலைந்தோம். மூன்றாம் நாள் காலை ஷீபா வேறொரு செய்தியோடு வந்தாள்.

“சாரே, எங்க ஊர்ல அந்த செல்வராஜ் அண்ணன் வீட்டுல ஒரே அழுகை. ஆசுபத்திரில ரத்தம் வேண்டாம்னு திருப்பி அனுப்பினாவல்லா, அவருக்கு பெரிய சீக்கு ஏதோ இருக்குன்னு வீட்டுக்கார அக்கா நினைச்சிட்டாவ. அவரும் வேலைக்குப் போகல்ல.”

அன்றைக்கு மாலை அவளோடு காரோட்டுக்கு பஸ் ஏறினேன். செல்வராஜ் வாசலில் ஒரு சிமெண்டுச் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதுக்குள்தான். அவர் மனைவி கதவுக்குப் பின்னால் நின்றார். கண்கள் வீங்கியிருந்தன.

நான் விளக்க ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வழி விளக்குவதுதான். “உங்க ரத்தத்துல ஒரு குறையும் இல்ல. லிஸ்ட் கம்ப்யூட்டர்ல இருந்தது. அதுல ஒரு வைரஸ் இருந்ததால…”

வைரஸ் என்ற சொல் வாயிலிருந்து வந்ததுதான் தாமதம், அந்த அம்மாள் “எனக்க கர்த்தாவே!” என்று தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த வருடங்களில், ரத்தம், வைரஸ் இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தால் ஊருக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்: எய்ட்ஸ். செல்வராஜின் முகம் வெளுத்துவிட்டது. நான் “இல்லை, இல்லை, அது கம்ப்யூட்டரோட வைரஸ்” என்று மேலும் மேலும் அந்தச் சொல்லையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஷீபா என்னை விலக்கிக்கொண்டு போய் அந்த அம்மாளின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கையைப் பிடித்தாள்.

“அக்கா, இங்க பாருங்க. அண்ணனுக்கு ஒரு சீக்கும் இல்ல. ஆசுபத்திரிக்கு வேற குரூப்பு ரத்தம் வேணும்னு இருந்துச்சு. நாங்க பேப்பர்ல குரூப்ப மாத்தி எழுதிட்டோம். தப்பு எங்களுக்க கடையில. அண்ணனுக்க ரத்தம் நல்ல ரத்தம். ஓ பாசிட்டிவ்.”

அந்த அம்மாள் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இத மொதல்லயே இப்படிச் சொல்லியிருக்கலாம்லா சாரே?” என்றார்.